நீலக்கல்லின் மேல் ஒரு சிறுத்தை

1987-ஆம் ஆண்டு ஏப்ரல் 2, 3 ஆகிய இரு நாள்களும் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், ஏரிக்கரையை ஒட்டி அடிக்கப்பட்ட பெரியதொரு கூடாரத்தில் ஏலம் ஒன்று நடந்தது. நடத்தியவர்கள் சோத்பீஸ் நிறுவனத்தார். ஏலத்துக்கு வந்தவை, முந்திய ஆண்டு ஏப்ரல் 24 அன்று பாரிஸில் காலமான விண்ட்ஸர் சீமாட்டியின் நகைகள். எல்லாம் சேர்ந்து எழுபது லட்சம் டாலர் அளவுக்குப் போகலாம் என்று கணித்திருந்தார்கள். இரண்டாம் நாள் முடிவில் தொகை ஐந்து கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஏழு மடங்கு! தங்கத்தின் விலையோ கற்களின் விலையோ இரண்டு நாளில் ஏழு மடங்கு ஏறிவிடவில்லை. ஏறியது வேறொன்று. அது எது என்பதைப் பற்றித்தான் நாம் இங்கே கொஞ்சம் பேசிப் பார்க்கப்போகிறோம்.

அந்தக் கூடாரத்தில் ஏலம் போன 300-க்கும் மேற்பட்ட உருப்படிகளில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். 1949-இல் பாரிஸின் கார்ட்டியே நிறுவனம் செய்த புரோச் அது. பிளாட்டினத்திலும் வெள்ளைத் தங்கத்திலும் உருவான ஒரு சிறுத்தை. உடல் முழுதும் வைரம். புள்ளிகள் நீலக்கற்கள். கண்கள் இரண்டும் மஞ்சள் வைரம். சிறுத்தை உட்கார்ந்திருப்பது கிளையிலோ பாறையிலோ அன்று. பட்டை தீட்டாமல் வழவழப்பாக உருட்டி மெருகேற்றிய ஒற்றை நீலக்கல்லின் மேல், உலக உருண்டையைத் தன் காலடியில் வைத்துக்கொண்டதைப்போல, அது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்லின் எடை 152.35 காரட். நம் கணக்கில் முப்பது கிராமுக்குச் சற்று மேல், நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. காஷ்மீரத்து நீலம்.

புரோச் என்னும் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முதலில் தயங்கினோம். மார்பணி, ஊசிப்பதக்கம் என்றெல்லாம் எழுதலாம்தான். ஆனால் நம் பாட்டிமார் அதைப் புரோச் என்றேதான் சொன்னார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஸ்டூடியோ புகைப்படங்களைப் பாருங்கள். தோளில் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மயிலோ, இலையோ, வளைந்த கொடியோ குத்தப்பட்டிருக்கும். ஆகவே புரோச் நமக்கு அந்நியமான பொருள் அன்று. சொல்லும் அப்படியே இருக்கட்டும். சிறுத்தை விஷயத்திலும் ஒரு குறிப்பு உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பாந்தர் என்கிறார்கள். கார்ட்டியே செய்தது புள்ளியுள்ள விலங்கு. நம் காடுகளில் இருக்கும் அதே சிறுத்தைதான். இந்தியாவில் அற்றுப்போய், அண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதே, அந்தச் சிவிங்கியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தச் சிறுத்தைக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1914-இல் கார்ட்டியே ஒரு கைக்கடிகாரத்தில் வைரங்களுக்கு நடுவே கறுப்பு ஓனிக்ஸ் கற்களைப் பதித்துச் சிறுத்தைத் தோலின் சாயலைக் கொண்டுவந்தது. அப்போது விலங்கு வரவில்லை, தோல் மட்டும் வந்தது. 1917-இல் ழான் தூசேன் என்னும் பெண்மணிக்காகச் செய்த ஒப்பனைப் பெட்டியின் மூடியில், இரண்டு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சிறுத்தை முழு உருவமாக நடந்து வந்தது. தூசேன் 1887-இல் பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரில் பிறந்தவர். 1933-இல் கார்ட்டியேயின் உயர்நகைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பட்டறையில் அவருக்கு இருந்த செல்லப்பெயரே சிறுத்தை என்பதுதான். அவரோடு வேலை செய்த ஓவியர் பீட்டர் லெமார்ஷான், வான்சென் மிருகக்காட்சி சாலைக்குப் போய் விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். கூண்டுக்குள் இருக்கும் விலங்கு சோம்பல் முறிப்பதையும், தோள்பட்டை எலும்பு புடைப்பதையும், வால் தன் போக்கில் தொங்குவதையும் கவனித்த கண் அது. 1949-ஆம் ஆண்டுப் புரோச்சில் நாம் காணும் உயிர்ப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பொம்மைபோல் நிற்கும் விலங்கு நகைகள் உலகில் ஏராளம். இது அப்படி நிற்கவில்லை. நகைகளைப் பற்றி நமக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. ஆயினும் இதை நல்ல வேலை என்று சொல்லத் தயங்க மாட்டோம்.

தூசேனைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1942-இல் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கையில் இருந்தபோது கூண்டுக்குள் அடைபட்ட பறவை ஒன்று கார்ட்டியேயின் புரோச்சாக உருவானது. அதைக் கடையின் கண்ணாடிச் சன்னலில் வைத்ததற்காக ஜெர்மானியக் காவலர்கள் தூசேனை அழைத்து விசாரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 1944-இல் நகரம் விடுதலையடைந்தது. இப்போது அதே கூண்டின் கதவு திறந்திருந்தது. பறவை சிறகை விரித்துப் பாடிக்கொண்டிருந்தது. பவளச் சிவப்பும் வைர வெண்மையும் நீலமுமாக, பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள் அந்தப் பறவையின் உடலில் இருந்தன. சட்டையில் குத்திக்கொள்ளும் ஊசி ஒன்று இவ்வளவு பேசும்.

இனி இந்த நகைகளை அணிந்தவரின் கதை. 1936 ஜனவரி 20 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறக்க, அவருடைய மூத்த மகன் எட்டாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தார். ஓராண்டுகூட நிறையவில்லை. இருமுறை மணமுறிவு கண்ட அமெரிக்கப் பெண்மணி வாலிஸ் சிம்ப்சனை மணந்துகொள்வதற்காக, டிசம்பர் 10 அன்று முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 1937 ஜூன் 3 அன்று பிரான்ஸில் திருமணம் நடந்தது. அவருக்கு விண்ட்ஸர் பிரபு என்னும் பட்டம் கிடைத்தது. மனைவியும் சீமாட்டி ஆனார். ஆனால் அரச குடும்பத்துப் பெண்களுக்குரிய மரியாதை விளி அவருக்கு மறுக்கப்பட்டது. கடைசிவரை கிடைக்கவுமில்லை. அந்த மறுப்புக்கு ஈடாகவே கணவர் நகையாக வாங்கிக் குவித்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மனித மனத்தை அவ்வளவு எளிதாகக் கூட்டிக் கழித்துவிட முடியுமா என்பது வேறு விஷயம்.

எட்டாம் எட்வர்டு நமக்கும் சக்கரவர்த்தியாக இருந்தவர்தான். அவர் முகம் பதித்த நாணயம் பிரிட்டிஷ் இந்தியாவில் வெளிவரவே இல்லை. ஐந்தாம் ஜார்ஜின் தலையிலிருந்து ஆறாம் ஜார்ஜின் தலைக்கு நம் முன்னோர் கையிலிருந்த காசு நேராகத் தாவிவிட்டது. ஆனால் ஆள் இங்கே வந்திருக்கிறார். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நாளில் இளவரசராகச் சுற்றுப்பயணம் வந்தார். 1921 நவம்பர் 17 அன்று பம்பாயில் அவர் கால் வைத்தபோது கலவரம் மூண்டது. 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோதும் கடையடைப்பும் தெருச் சண்டையும்தான் அவரை வரவேற்றன. விண்ட்ஸர் தம்பதியின் காதல் கதையை விரித்துரைப்போர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1937 அக்டோபரில் இருவரும் ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்ததையும் அவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். காதலுக்காக அரியணையைத் துறந்தவர் என்னும் ஒரே வரிதான் ஏலக் கூடாரத்துக்கு வேண்டியிருந்தது.

அந்த நகைகளில் பலவற்றின் உள்பக்கத்தில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. தேதி, முதலெழுத்து, இருவருக்கு மட்டும் விளங்கும் ஓரிரு சொற்கள். ஒரு மாணிக்கக் கைச்சங்கிலியின் கொக்கியில், இறுகப் பற்றிக்கொள் என்னும் பொருள்பட இரண்டு சொற்களும் 1936 மார்ச் 27 என்னும் தேதியும் இருந்தன. அப்போது அவர் மன்னர். அந்தப் பெண்மணியோ இன்னொருவரின் மனைவி. வாலிஸ், எட்வர்டு ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகளைப் பின்னிய நகைகளும் உண்டு. தோலில் படும் பக்கத்தில் எழுதியதை உலகம் படிக்கும் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். ஏலத்தில் விலையை ஏற்றியது அந்தப் பக்கந்தான்.

இங்கே விலங்கு நகைகளில் இன்னொன்றையும் நாம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஒரு பூநாரை. ஒற்றைக்காலில் நின்று மறுகாலை மடித்து வைத்திருக்கும் அந்தப் பறவையை நாம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பார்த்திருக்கிறோம். நம் பூநாரை வெளிறிய சிவப்பு. கார்ட்டியேயின் பூநாரைக்கு வைர உடல். வால் சிறகுகளில் மாணிக்கமும் மரகதமும் நீலமும். இது 1940-இல் பாரிஸில் செய்யப்பட்டது. அதற்கு வேண்டிய வண்ணக்கற்களை விண்ட்ஸர் பிரபுவே கொண்டுவந்து கொடுத்தார். கடையில் வாங்கியவை அல்ல. தம் மனைவியின் கழுத்தணி ஒன்றையும் கைச்சங்கிலிகள் நான்கையும் பிரித்தெடுத்த கற்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் இதற்கான ஆணை பதிவானது. ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறதோ, அது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

பழைய நகையை உருக்கிப் புதிதாகச் செய்வதற்கு நம் வீடுகளில் ஒரு சொல் உண்டு: அழித்துச் செய்வது. பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்கு நெக்லஸ். அத்தையின் காசுமாலையை அழித்து இரண்டு ஜோடி வளையல். இந்தச் சொல்லின் கொடூரத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆசாரி எடை போடுவார். அழுக்குக்கும் அரக்குக்கும் கழிப்பார், சேதாரம் சொல்வார், செய்கூலி சேர்ப்பார். அந்த அட்டிகையை யார் எந்த முகூர்த்தத்தில் போட்டுக்கொண்டாள், எந்தப் பஞ்சத்தில் அது அடகுக்கடைக்குப் போய் மீண்டு வந்தது என்பதற்கெல்லாம் தராசுத் தட்டில் இடமில்லை. நினைவுக்கு எடை இல்லை. இருந்தாலும் அது சேதாரத்தோடு போய்விடும். ஏலக் கூடத்தின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அங்கே நினைவுக்குத்தான் விலை. பூநாரையை அழித்துவிட்டால் மிஞ்சும் கற்களுக்குச் சந்தையில் ஒரு விலை கிடைக்கும். அழிக்காமல், இன்னார் இன்ன நாளில் இன்னாருக்குச் செய்துகொடுத்தது என்னும் சீட்டோடு கொண்டுபோனால் கிடைப்பது அதைப்போல் பல மடங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தம் மனைவியின் காலத்துக்குப் பிறகு அந்த நகைகளை வேறெந்தப் பெண்ணும் அணியக் கூடாது, அவற்றைப் பிரித்துக் கற்களாக்கிவிட வேண்டும் என்று விண்ட்ஸர் பிரபு விரும்பியதாகச் சொல்வார்கள். பூநாரைக்காக ஐந்து நகைகளைப் பிரித்தவர் அல்லவா? அழித்துச் செய்வதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது. 1972 மே 28 அன்று அவர் காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து எல்லாம் முழுசாகக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தன.

மீண்டும் நம் சிறுத்தைக்கு வருவோம். 1946 அக்டோபரில் விண்ட்ஸர் தம்பதி இங்கிலாந்துக்கு வந்து நண்பர் ஒருவரின் மாளிகையில் தங்கியிருந்தபோது, சீமாட்டியின் நகைப்பெட்டி திருடு போனது. சேர்த்துவைத்ததில் பெரும்பங்கு ஒரே மாலைப்பொழுதில் போய்விட்டது. அதன் பிறகு தொடங்கிய புதிய சேகரத்தில்தான் சிறுத்தைகள் வருகின்றன. 1948-இல் முதல் சிறுத்தை. பொன்னால் செய்து கறுப்பு மினாப் புள்ளிகள் இட்டு, 116.74 காரட் மரகதம் ஒன்றின் மேல் படுக்கவைத்த புரோச். தட்டையாக இல்லாமல் முழு உருவமாகக் கார்ட்டியே செய்த முதல் சிறுத்தை அதுதான். மறு ஆண்டு நீலக்கல்லின் மேல் அமர்ந்த சிறுத்தை. 1952-இல் வைரமும் ஓனிக்ஸும் பதித்த இன்னொரு சிறுத்தை, இம்முறை கைச்சங்கிலியாக. மணிக்கட்டைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும்படி அதன் உடல் மூட்டு மூட்டாக வளையும்.

1987-இல் நீலக்கல் சிறுத்தையை ஏலத்தில் எடுத்தவர்கள் யார் தெரியுமா? கார்ட்டியே நிறுவனத்தாரேதான். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் விற்ற பொருளைத் தாங்களே வாங்கித் தங்கள் காப்பகத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்று உலகெங்கும் கண்காட்சிகளில் நாம் காணும் சிறுத்தை அதுதான். அதே ஏலத்தில் நடிகை எலிசபெத் டெய்லர் தொலைபேசி வழியாக விலை கேட்டு, வேல்ஸ் இளவரசரின் சின்னமான மூன்று இறகுகள் கொண்ட வைரப் புரோச்சை ஆறு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். அவர் 2011 மார்ச்சில் மறைந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய நகைகள் ஏலத்துக்கு வந்தபோது அதே புரோச் பதின்மூன்று லட்சம் டாலரைத் தொட்டது. கல் அதே கல், வைரம் அதே வைரம். கதையில் ஒரு நடிகை கூடியிருந்தார், அவ்வளவுதான்.

பூநாரையும் மணிக்கட்டுச் சிறுத்தையும் 2010 நவம்பர் 30 அன்று லண்டனில் மீண்டும் சோத்பீஸ் மேசைக்கு வந்தன. இரண்டுக்கும் பத்து லட்சம் முதல் பதினைந்து லட்சம் பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பூநாரை பதினேழு லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் போனது. சிறுத்தை நாற்பத்தைந்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஏலத்தில் கைச்சங்கிலி ஒன்று அதுவரை அந்த விலையைப் பார்த்ததில்லை.

1987-ஆம் ஆண்டு ஏலத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கிடைத்த தொகை பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. சீமாட்டி தம் உயிலில் அப்படி எழுதிவைத்திருந்தார். எயிட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸை 1983-இல் முதன்முதலாகப் பிரித்துக் காட்டியது அந்த நிறுவனம். நோயின் பெயரைக் கேட்டாலே உலகம் நடுங்கிய அந்த ஆண்டுகளில் அதற்குப் பணம் மிகவும் தேவைப்பட்டது. ஆகவே கூடாரத்தில் கதைக்குக் கொடுத்த விலை முழுதும் வீண்போயிற்று என்று நாம் சொல்லவில்லை.

நம் மனத்தாங்கல் வேறு. ஒரு நகையின் விலையை அதன் கதை தீர்மானிக்கிறது என்றால், கதை எங்கே தொடங்குகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

வகுப்பில் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை நடத்தும்போதெல்லாம் மதுரையின் இரத்தினக் கடைவீதியில் நாம் சற்று அதிக நேரம் நின்றுவிடுவது வழக்கம். வைரத்தின் குற்றம் என்ன, மரகதத்தின் குற்றம் என்ன, மாணிக்கம் எத்தனை வகை, நீலம் எத்தகையது என்று இளங்கோவடிகள் ஒரு கைதேர்ந்த வணிகரைப்போல அடுக்கிக்கொண்டே போவார். மாணவர்களுக்கு அந்தப் பகுதி அலுப்பூட்டும். இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்பார்கள். அடுத்த சில காதைகளில் விடை கிடைத்துவிடும். கோவலன் உயிரை வாங்கியது ஒரு நகையின் கதைதான். அது யாருடைய சிலம்பு? பொற்கொல்லன் சொன்ன பொய்க்கதையை மன்னன் நம்பினான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது பாண்டிமாதேவியின் முத்து அன்று, மாணிக்கம். நகையை அழித்துத்தான் அங்கே உண்மை வெளிவந்தது. பொருளின் உள்ளே இருக்கும் கல், தான் எங்கிருந்து வந்தேன் என்று தானே சாட்சி சொன்னது. நம் சிறுத்தையின் காலடியில் இருக்கும் கல்லையும் அப்படிச் சாட்சிக்கூண்டில் ஏற்றிப் பார்த்தால் என்ன?

காஷ்மீரத்து நீலம் என்று உலகச் சந்தை சொல்வது ஸ்ரீநகர்ப் பள்ளத்தாக்கில் கிடைத்தது அன்று. ஜம்முவின் வடகிழக்கே, இன்றைய கிஷ்த்வார் மாவட்டத்தில் பாடர் என்னும் மலைப்பகுதி இருக்கிறது. அங்கே சும்ஜாம் என்னும் சிற்றூருக்கு மேலே, ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு சரிவு. 1881-ஐ ஒட்டி அங்கே நிலம் சரிந்தது. சரிந்த மண்ணுக்கடியிலிருந்து நீலக்கற்கள் வெளிப்பட்டன. மலைமக்கள் கைநிறையப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அடிவாரத்து வணிகர்களிடம் எடைக்கு எடை உப்புக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. உப்பு வராத மலையில் உப்புக்குத்தான் மதிப்பு என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கற்கள் சமவெளிக்கு வந்து, இவை உயர்ந்த நீலம் என்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. காஷ்மீர மகாராஜா ரண்பீர் சிங் காவலர்களை அனுப்பி அந்தச் சரிவைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். அன்றுவரை கையால் பொறுக்கியவர்கள் அன்றுமுதல் திருடர்கள்.

அந்த மலையும் ஒருமுறை விலைபோனதுதான். 1846-இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, கிழக்கிந்தியக் கம்பெனி சிந்து நதிக்கும் ராவி நதிக்கும் இடைப்பட்ட மலைநாட்டை எழுபத்தைந்து லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்கு ரண்பீர் சிங்கின் தந்தை குலாப் சிங்குக்குக் கொடுத்தது. நாட்டையும் மக்களையும் சேர்த்து எழுதிய ஒரே பத்திரம். ஏலக்காரரின் சுத்தியல் மட்டும் அங்கே இல்லை.

ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள்தாம் அந்தச் சரிவில் பனி விலகும். அந்தக் குறுகிய காலத்துக்குள் தோண்ட வேண்டும். 1882 முதல் 1887 வரை தோண்டியதில்தான் உலகின் பெயர்பெற்ற காஷ்மீர நீலங்களில் பெரும்பகுதி வெளிவந்தது. வளம் குறைவதைக் கண்ட அரசர் பிரிட்டிஷாரின் உதவியை நாடினார். 1887-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த லா டூச் என்பவர் மலையேறினார். முதலில் கல் கிடைத்த இடம் அனேகமாகத் தீர்ந்துவிட்டதைத்தான் அவர் கண்டார். பிறகு பலர் பலமுறை முயன்றார்கள். அந்த ஐந்தாறு ஆண்டு விளைச்சல் திரும்ப வரவே இல்லை. அள்ளித் தீர்ந்துபோனதே அந்தக் கல்லின் விலைக்குப் பாதிக் காரணம்.

மறுபாதிக் காரணம் நிறம். நீலக்கல் என்பது அலுமினிய ஆக்சைடின் படிகம். அதில் இம்மியளவு கலந்த இரும்பும் டைட்டானியமும் நீலத்தைத் தருகின்றன. பாடர் மலைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடித்து, நீலத்தின் மேல் மெல்லிய மூடுபனி படிந்ததுபோல் காட்டுகின்றன. மயில்கழுத்து நிறம் என்று வடநாட்டு வணிகர்கள் சொல்வது இதைத்தான். பளிச்சென்று கண்ணைக் குத்தாத நீலம். இன்று சோதனைச் சாலைகளில் இந்த நுண்துகள்களை உருப்பெருக்கிப் பார்த்துத்தான் கல் காஷ்மீரத்ததா, இலங்கையதா, பர்மாவதா என்று சான்று எழுதுகிறார்கள். கண்ணகியின் சிலம்பைப்போல் கல் தன் ஊரை உள்ளே வைத்திருக்கிறது. சான்றிதழில் அது காஷ்மீர் என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி, அதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

அந்த ஒற்றைச் சொல்லின் விலையைப் பாருங்கள். 2015 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில் 27.68 காரட் எடையுள்ள காஷ்மீர நீலக்கல் மோதிரம் ஒன்று 67 லட்சம் டாலருக்குப் போனது. நம் சிறுத்தையின் கல் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் எடை. எடையை எடையால் பெருக்கி விலை காண முடியாது என்பது தெரியும், ஒப்பீட்டுக்காகச் சொல்கிறோம்.

சீமாட்டி எந்த விருந்துக்கு எந்தப் புரோச்சை அணிந்தார் என்பதைப் புகைப்படத்தோடும் தேதியோடும் சொல்ல ஆள்கள் இருக்கிறார்கள். 1940-இல் பூநாரைக்கு எத்தனை கைச்சங்கிலிகள் பிரிக்கப்பட்டன என்பதற்குக் கடைப் பதிவேடு இருக்கிறது. சும்ஜாமுக்கு மேலே குளிரில் விரல் மரத்துப்போக மண்ணைக் கிளறியவனுக்குப் பதிவேடு வைத்தவர் யாருமில்லை. ஏலப் பட்டியல்களில் முந்திய உடைமையாளர் என்று ஒரு பத்தி உண்டு. உடைமை என்று சட்டம் ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பத்தியில் இடம் கிடைக்கும். காவலர் வருவதற்கு முன் கல்லைப் பொறுக்கியவனுக்கும், காவலர் வந்த பின் கூலிக்குத் தோண்டியவனுக்கும் அது எந்த நாளும் உடைமை ஆகவில்லை. கதை அரண்மனையில் தொடங்குவது அதனால்தான். பாரிஸ் பட்டறையில் கம்பி வளைத்துக் கல் பதித்த கைகளுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். தூசேனின் பெயரும் லெமார்ஷானின் பெயரும் நமக்குக் கிடைத்ததே பெரிது.

பாடர் என்னும் பெயர் நம் செய்தித்தாள்களில் பெரிதாக அடிபட்டது 2025 ஆகஸ்டு 14 அன்று. மச்சேல் மாதா கோயிலுக்குப் போகும் வழியில் சசோட்டி என்னும் ஊரில் திடீர் வெள்ளம் மலையிலிருந்து இறங்கியது. யாத்திரிகர்களும் ஊர்க்காரர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டி போகும் சாலை அந்த ஊரோடு முடிகிறது. அங்கிருந்து கோயிலுக்கு நடந்துதான் ஏற வேண்டும். சும்ஜாம் அதே வழியில் மச்சேலையும் தாண்டி, இன்னும் மேலே இருக்கிறது.